பல்லு வெளக்காத கை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து போகும் மருத்துவ உதவியாளர் வகுப்பில் கொடுத்த கேஸ் ஷீட்டில் என் கம்பெனி டோக்கன் நம்பரை எழுதிவிட்டேன்.

நோயாளியின் பெயர், ஊர் எதுவும் இருக்கக் கூடாது என்று ராஜலட்சுமி மேடம் இரண்டு முறை சொன்னார். நான் பெயர் எழுதவில்லை. "23 வயதுப் பெண், தொழிற்சாலை வேலை" என்றுதான் தொடங்கினேன். ஷீட்டின் வலது மூலையில் நோயாளி எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 1 என்று போட்டிருந்தால் போதும். ஆனால் கம்பெனியில் எந்தத் தாளைக் கொடுத்தாலும், லீவு லெட்டரோ கேன்டீன் புகாரோ, முதலில் வலது மூலையில் டோக்கன் நம்பர் எழுதித்தான் பழக்கம். கை தானாக 40718 என்று எழுதிவிட்டது. ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்த 23 வயதுப் பெண் நான்தான்.

வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். எங்கள் கம்பெனி ஆள் இன்னொருவரும் இருக்கிறார், ஸ்டோர்ஸில் வேலை செய்யும் உதயசூரியன். ஷீட்டுகளை வாங்கி அடுக்கி மேடத்திடம் கொடுத்தது அவர்தான். அவர் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பார்த்திருந்தாலும் என்ன? தெரியவில்லை.

இன்றைய பாடம் சைட்டோகைன். புரிந்ததா என்று பார்க்க இங்கே சுருக்கி எழுதுகிறேன். தோலில் ஒரு சிராய்ப்பு. கிருமி உள்ளே வருகிறது. அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற செல் அதைக் கண்டதும் சிறிய புரதங்களை வெளியே விடுகிறது. டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6. இவைதான் சைட்டோகைன்கள். செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு. பக்கத்து ரத்தக்குழாய் அதைக் கேட்டு விரிகிறது, சுவரைத் தளர்த்துகிறது. ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த வெள்ளணுக்கள் நின்று, வெளியேறி, அந்த இடத்தில் கூடுகின்றன. அதனால்தான் சூடு, சிவப்பு, வீக்கம், வலி. இதற்கு அழற்சி என்று பெயர். அந்தப் பேச்சுக்கான ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அது கேட்கும்.

"மேடம், இது எங்க லைன்ல மஞ்சக் கயிறு மாதிரி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தாலியைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

நாங்கள் காருக்குள் ஓடும் வயர்க்கட்டுகள் செய்கிறோம். ஒவ்வொரு டேபிளுக்கு மேலேயும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். வேலை சிக்கினால் இழுக்க வேண்டும். ஸ்பீக்கரில் எச்சரிக்கைப் பாட்டு ஒலிக்கும், பலகையில் டேபிள் எண் எரியும், ஆள் ஓடி வருவார். இழுத்த நேரமும் டேபிள் எண்ணும் கம்ப்யூட்டரில் பதிவாகும். அதனால் யாரும் இழுப்பதில்லை. "கட்னாலும் மாட்டிகினோம், இழுத்தாலும் மாட்டிகினோம்" என்பது எங்கள் லைன் பெண்களின் ஜோக். பதிலாக டேபிளை இரண்டு முறை தட்டுவோம். பக்கத்து டேபிள் பெண் கை நீட்டி முடித்துக் கொடுப்பாள். எதுவும் பதிவாகாது.

இதையெல்லாம் விளக்கினேன். மேடம், "நல்லா இருக்குமா. பரீட்சையில கயிறுன்னு எழுதிடாதீங்க" என்றார்.

எனக்குத் தட்ட வேண்டியிருப்பது மார்ச்சிலிருந்து. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. ஏழரை மணிவரை அப்படித்தான். முதல் ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. கனெக்டரை "டக்" என்று பூட்டக் கட்டைவிரலில் பலம் வேண்டும். நான் ஏழாவது டேபிள், ஜெயம் அக்கா எட்டாவது. வடக்குப்பட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். முதல் நாள் அவளிடம், "க்கா, என் கை இன்னும் பல்லு வெளக்கலக்கா" என்றேன். அவள் அரை நிமிடம் சிரித்துவிட்டு என் கனெக்டரைப் பூட்டினாள். அதிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேச்சு. நான் தட்டினால், "இன்னாடி, இன்னும் வெளக்கலயா?" என்றபடி வருவாள்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் லைனில் ஒருவரை நிரந்தரம் செய்யப் போகிறார்கள். பட்டியலில் இரண்டே பெயர். ஜெயம் அக்கா, நான். இன்னொருவருக்குக் கான்ட்ராக்ட் முடிந்துவிடும். மெடிக்கலில் ஃபிட் என்று வர வேண்டும். என் கை விஷயம் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் அக்கா வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் டோக்கன் நம்பர் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"நம்பரா? உன் நம்பரா?"

"கை பழக்கத்துல எழுதிட்டேங்க்கா."

"அட லூசு. ஆளு பேர மறைச்சிட்டு அட்ரஸ ஒட்டிட்டியா?" என்று சிரித்தாள். பிறகு, "அந்த ஸ்டோர்ஸ்காரன் பாத்தானா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"பாத்தா என்னா ஆவும்னு யோசிச்சியா?"

யோசித்தேன் என்றேன். உண்மையில் அவள் கேட்ட பிறகுதான் சரியாக யோசித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒன்பதரைக்கு சூப்பர்வைசர் வரதராஜுலு சார் கேபினுக்குக் கூப்பிட்டார். நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு எதைச் சொன்னேன், எதைச் சொல்லவில்லை என்று குழம்பக் கூடாது.

"உக்காரு. கை எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்."

"காலைல கை பல்லு வெளக்காதாமே?" சிரித்தார். "வெளக்கி எடுத்துகினு வரவேண்டியதுதானே வேலைக்கு?"

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"மடக்கு பாக்கலாம்."

மடக்கினேன். மணி ஒன்பதரை ஆகிவிட்டதால் ஓரளவு மடங்கியது. அவர் தன் பேனாவை என் உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மெல்ல இழுத்தார். பேனா அவர் கைக்கே போய்விட்டது.

"எத்தினி மாசமா?"

"மார்ச்லேர்ந்து சார்."

"பூட்டாத கனெக்டரு ஒன்னு வண்டிக்குள்ள போனா எவன் பதில் சொல்றது? செவ்வாக்கெழமை பத்து மணிக்கு மெடிக்கல். அதுவரைக்கும் பேக்கிங்ல நில்லு."

அவ்வளவுதான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஷீட்டில் எல்லாம் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், நம்பரோடு. "நோயாளியின் சொல்லில்" என்று ஒரு வரி உண்டு. நோயாளி எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுத வேண்டும் என்பது மேடத்தின் விதி. பல் விளக்குகிற பேச்சை அதில் எழுதியிருப்பேன். எழுதியதாக நினைவில்லை, ஆனால் டோக்கன் நம்பரை எழுதியதும்தான் எழுதும்போது தெரியவில்லை.

அறைக்கு வந்து அழுதேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"வுடுடி. எழுதி வெச்சிட்டே. இனிமே இன்னா பண்றது?"

"என் தப்புதாங்க்கா."

"உன் தப்புதான். நான் இன்னா இல்லன்னா சொல்றேன்? ஆனா அந்த உதயசூரியன் கீறானே, அவன் மனுசனா? ஒரே கிளாஸ்ல உக்காந்துகினு."

டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை நான் இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். சூடு விரல்களுக்கு இதமாக இருந்தது. இவள் இல்லையென்றால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றைக்கு நான் நடந்துகொண்டது சரியா என்று தெரியவில்லை.

வகுப்புக்கு முன்னால், ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் உதயசூரியன் நின்றிருந்தார். நேரே போய், "என் ஷீட்டை கம்பெனியில யார்கிட்ட காமிச்சீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா ஷீட்டு?"

"நடிக்காதீங்க. திங்கக்கிழமை நீங்கதானே வாங்கினீங்க?"

"பதினோரு ஷீட்டையும் வாங்குனேன், மேடம் கைல குடுத்தேன். என்னுத கூட நான் இன்னொரு தபா பாக்கல."

"அப்ப வரதராஜுலு சாருக்கு எப்படித் தெரியும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான் ஸ்டோர்ஸ்ல நட்டு போல்ட்டு எண்றவன்மா. உன் வெரல எண்றதுக்கு எனக்கு ஏது நேரம்?"

"காட்டிக் குடுக்கறதுக்கு நேரம் வேணாம். வாய் இருந்தா போதும்" என்றேன். கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டீயைப் பாதியில் விட்டுவிட்டு மாடியில் இருக்கும் வகுப்புக்குப் போனார். வழக்கமாக உட்காரும் இரண்டாவது பெஞ்சை விட்டு, கதவுப் பக்கம் கடைசியில் உட்கார்ந்தார்.

பாடம் மனதில் ஏறவில்லை. இருந்தாலும் எழுதியிருக்கிறேன். அழற்சியைத் தொடங்குவது எவ்வளவு முக்கியமோ, நிறுத்துவதும் அவ்வளவு முக்கியம். வேலை முடிந்ததும் மேக்ரோஃபேஜ் குணம் மாறுகிறது. முதலில் டிஎன்எஃப் விட்ட அதே வகைச் செல் இப்போது ஐஎல்-10 விடுகிறது. அது "போதும்" என்கிற பேச்சு. கேட்ட செல்கள் டிஎன்எஃப், ஐஎல்-6 செய்வதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி-செல்களும் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா இரண்டையும் விடுகின்றன. இது சரியாக நடக்காவிட்டால் கிருமி போன பிறகும் வீக்கம் தங்கிவிடும்.

திருத்திய ஷீட்டுகளைத் திங்களன்று தருவதாக மேடம் சொன்னார். இன்னும் தன் வீட்டில்தான் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. வரிசையாக எழுத முயல்கிறேன்.

முதலில் பாடம். ஐஎல்-6 பற்றி நான் கேட்ட கேள்விக்கு மேடம் பலகையில் படம் போட்டார். நான் நோட்டில் சைட்டோகைன்களை நல்லது, கெட்டது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து, ஐஎல்-6ஐக் கெட்டதில் போட்டிருந்தேன். அப்படிப் பிரிக்க முடியாது என்றார். மூட்டில் அழற்சியைக் கிளப்புகிற அதே ஐஎல்-6, ஓடியாடி வேலை செய்யும் தசையிலிருந்து வரும்போது அழற்சியைத் தணிக்கவும் உதவுகிறது. எங்கே, எப்போது, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முடக்குவாதத்தில் உடம்பின் காவல் செல்கள் சொந்த மூட்டையே தாக்குகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-6 ஓய்வதில்லை. ஐஎல்-6 விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், காலை விறைப்புக்கு அது ஒரு காரணம். இதைக் கேட்டபோது நான் என் கைகளைப் பெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பிறகு ஷீட்டுகள் வந்தன. வலது மூலையில் 40718 இருந்தது. மேடம் அதன் மேல் எந்தக் குறியும் போடவில்லை. கடைசியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல், பல வாரங்களாக என்றால் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி-சிசிபி, சிஆர்பி பார்க்க வேண்டும். மூட்டு மருத்துவரிடம் போகச் சொல்லவும்."

நடுவில் இன்னொரு சிவப்பு வரி. "நோயாளியின் சொல்லில்" என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது: "காலை நேரத்தில் இரு கை விரல்களும் மடங்குவதில்லை." மேடம் அடிக்கோடு போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "இது நோயாளியின் சொல் அல்ல, புத்தகச் சொல். அவர் உண்மையில் எப்படிச் சொன்னார்?" அதற்கு அரை மதிப்பெண் குறைத்திருந்தார்.

ஷீட்டை முன்னும் பின்னும் மூன்று முறை படித்தேன். பல் விளக்குகிற பேச்சு எங்கேயும் இல்லை.

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து ஏழாம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். நானே எழுதியிருக்கிறேன். "காலைல கை பல்லு வெளக்காதாமே?" அதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன்.

நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் வேறு காரணம் தேடினேன். லைனில் யாராவது காதில் வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த மெஷின் சத்தத்தில் அவள் என் காதருகே வந்துதான் சொல்வாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஷீட்டைக் கொடுத்தேன்.

"இதுல பல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க்கா."

"இன்னா பல்லு?"

"என் கை வெளக்காத பல்லு. சார் அன்னிக்கு சொன்னாரே. இதுல இல்ல."

அவள் ஷீட்டைப் படிக்கவில்லை. அதைக் கையில் வைத்தபடியே, "எட்டாவது டேபிள வுட்டுட்டு ஏழாவதுல உனக்கு இன்னா வேலைன்னு சாரு கேட்டாருடி" என்றாள். "என் மார்க்க கொறைச்சிட்டாரு. நான் உனக்குக் கை குடுத்தா என் பீசு லேட்டாவுது. உன் பேரு மேல ஏறிகினே போவுது, என் பேரு கீழ போவுது. எத்தினி நாளு தாங்கறது?"

"அதனால சொல்லிட்டீங்களா?"

"உடம்பு சரியில்லன்னுதான் சொன்னேன். பொய்யா சொன்னேன்? ஒரு கனெக்டரு பூட்டாம போயிருந்தா?"

"எப்ப சொன்னீங்க?"

அவள் ஒரு தாவணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போன வாரத்துக்கு முந்தின சனிக்கெழமை."

இரண்டாம் தேதி. ஷீட்டை நான் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பு. செவ்வாய்க்கிழமை நான் நம்பர் விஷயத்தைச் சொன்னபோது அவள் சாதம் பிசைவதை ஏன் நிறுத்தினாள் என்று இப்போது தெரிகிறது. அதே செவ்வாய்க்கிழமைதான் நான் மூன்று முறை தட்டினேன். சொன்ன பிறகும் மூன்று முறையும் வந்திருக்கிறாள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"சொன்னது கூட போகட்டுங்க்கா" என்றேன். "என் தப்பு, என் தப்புன்னு நாலு நாளா அழுதேன். ஆமா உன் தப்புதான்னு தலையத் தடவுனீங்க. அந்த மனுசன டீக்கடையில வெச்சு அசிங்கப்படுத்திட்டு வந்தேன். அவனெல்லாம் மனுசனான்னு நீங்கதான் கேட்டீங்க."

"நீ அவன்கிட்ட போய்ச் சண்ட போடுவேன்னு நான் கண்டேனா?"

"போட்டேன்னு வந்து சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

அவள் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தாள். தன் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள்.

"வலி மாத்திர. ராத்திரி ஒன்னு, காலைல ஒன்னு போட்டுக்கினு போ. வெரலு மடங்கும். டாக்டரு ஒரு நிமிசம்தான் பாப்பாரு. சாருகிட்ட நான் சும்மா சொன்னேன்னு சொல்லிடறேன். பர்மனென்ட் சீட்டு உனக்கே வந்தாலும் வரட்டும் போ."

மெய்யாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் மெய்யாகச் சொல்வதை இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டால் நாளைக்கு விரல் மடங்கலாம். ஃபிட் என்று எழுதலாம். சீட்டு எனக்குக் கிடைக்கலாம். ஆனால் வலி மாத்திரை மூட்டு அரிபடுவதை நிறுத்தாது என்று போன மாதமே நோட்டில் எழுதியிருக்கிறேன். சீட்டு கிடைத்தால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே டேபிளில் நிற்க வேண்டும். விரல் மடங்கவில்லை என்றால் தட்ட வேண்டும். எட்டாவது டேபிளில் யார் இருந்தாலும் என்னால் இனிமேல் தட்ட முடியாது.

மடங்காத விரலோடு போனால் சீட்டு போகலாம். பேக்கிங்கிலேயே வைப்பார்களா, கான்ட்ராக்ட்டை முடிப்பார்களா என்று தெரியாது. ஆனால் கம்பெனி டாக்டர் எழுதிக் கொடுத்தால், இஎஸ்ஐயில் மூட்டு மருத்துவரைப் பார்க்கலாம். மேடம் எழுதிய மூன்று பரிசோதனையையும் எடுத்துவிடலாம். ஐந்து மாதமாக என் கை கத்திக்கொண்டிருக்கிறது. அது யாருக்கும் கேட்காதபடி பார்த்துக்கொண்டது நான்தான். அவளும் அதற்கு உதவினாள்.

அட்டையை அவள் தலையணை மேல் திருப்பி வைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

ஷீட்டை எடுத்து, "நோயாளியின் சொல்லில்" என்ற இடத்தில் இருந்த புத்தக வரியை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதற்கு மேலே எழுதினேன்: "கை பல்லு வெளக்கல." எழுத்து கோணலாக வந்தது. படிக்க முடிகிறது.

நாளை ஐந்தே காலுக்கு பஸ். மாத்திரை போடக் கூடாது. ஷிப்ட் தொடங்கும் முன் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போய் உதயசூரியனிடம், அங்கே நிற்பவர்கள் காதில் விழும்படி மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து மணிக்கு மெடிக்கல். டாக்டரிடம் காட்ட ஷீட்டை மடிக்காமல் எடுத்துப் போக வேண்டும். டோக்கன் நம்பர் அதில் ஏற்கெனவே இருக்கிறது.